ஜெர்மனி புளூ கார்டு: ஊதிய வரம்பைத் தாண்டினால் போதுமா?

இயந்திரப்பொறியாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. இயந்திரவியலில் நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டம் பெற்றவன். வாகன உதிரிபாகத் தயாரிப்பில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், பதினோர் ஆண்டு அனுபவம் உண்டு. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் கெம்னிட்ஸ் நகருக்கு அருகே உள்ள ஒரு நடுத்தர நிறுவனம், நேர்காணல்களுக்குப் பிறகு, ஆண்டுக்கு 46,800 யூரோ ஊதியத்தில் எனக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. ஒப்பந்த வரைவும் வந்துவிட்டது, இன்னும் கையெழுத்திடவில்லை. அதில் பதவியின் பெயர் 'தர ஒருங்கிணைப்பாளர்' என்று இருக்கிறது.

விசா முகவர் ஒருவரை அணுகியபோது, பட்டதாரிப் பணியாளர்களுக்கான வேலை, குடியிருப்பு அனுமதியான புளூ கார்டுக்கு 2026ஆம் ஆண்டின் ஊதிய வரம்பு 50,700 யூரோ என்றும், என் ஊதியம் அதற்குக் குறைவாக இருப்பதால் புளூ கார்டு கிடைக்காது என்றும், ஆகவே சான்சன்கார்ட்டே என்னும் வாய்ப்பு அட்டைக்குப் புள்ளிகள் கணக்கிட்டு விண்ணப்பிப்பதே ஒரே வழி என்றும் கூறினார். அந்தச் சேவைக்கு அவர் கேட்ட கட்டணமும் சிறியதன்று. வேலை கையில் இருக்கும்போது வேலை தேடுவதற்கான அட்டை எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்ததாக, நான் பட்டம் பெற்ற பல்கலைக்கழகம், வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் அனாபின் தரவுத்தளத்தில் 'எச் பிளஸ்' என்ற குறியுடன் இருக்கிறது. ஆனால் என் பட்டப் பிரிவை அங்கே தேடியபோது தெளிவான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. இந்நிலையில் பட்டத்தை எவ்வாறு மெய்ப்பிக்க வேண்டும்? மனைவியையும் குழந்தையையும் என்னுடனேயே அழைத்துச் செல்ல இயலுமா? இவ்வழியில் சென்றவர்களோ இத்துறையில் பணிபுரிபவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நெக்கர்க்கரை எழுதியது:

வணக்கம். உங்கள் முகவர் சொன்னது பாதி உண்மை. பொதுவான வரம்பு 50,700 யூரோ என்பது சரி. ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களுக்கும் குறைந்த வரம்பு ஒன்று தனியாக இருக்கிறது. 2026இல் அது 45,934.20 யூரோ. இந்தத் தொகைகள், ஓய்வூதியக் காப்பீட்டுப் பங்களிப்பு கணக்கிடப்படும் ஊதியத்தின் ஆண்டு உச்சவரம்பிலிருந்து கணக்கிடப்படுகின்றன. பொது வரம்பு அதில் 50 விழுக்காடு. குறைந்த வரம்பு 45.3 விழுக்காடு. உச்சவரம்பு ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால் புளூ கார்டு வரம்பும் ஜனவரி 1 அன்று மாறிவிடும். 2025இல் இவை 48,300 ஆகவும் 43,759.80 ஆகவும் இருந்தன. இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகளில் உள்ள தொகைகளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பொறியாளர் பணி பற்றாக்குறைத் தொழில்களில் ஒன்றுதான். எனவே உங்கள் 46,800 யூரோ குறைந்த வரம்பை எண்ணூறு யூரோவுக்குச் சற்று மேலாகத் தாண்டுகிறது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: அந்த 46,800 முழுவதும் உறுதியளிக்கப்பட்ட நிலையான ஊதியமா, அல்லது நிறுவனத்தின் இலாபத்தையோ உங்கள் செயல்திறனையோ பொறுத்துக் கிடைக்கக்கூடிய ஊக்கத்தொகையும் அதில் சேர்ந்திருக்கிறதா? கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் உள்ள தொகையை வரம்புக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் ஊதியம் வரம்பை ஒட்டியே இருப்பதால் இந்த வேறுபாடு முடிவையே மாற்றிவிடும்.

எனக்குக் கவலை தருவது தொகையைக் காட்டிலும் பதவியின் பெயர்தான். பற்றாக்குறைத் தொழில் எது என்பதை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டு எண்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். பொறியாளர்கள் அதில் 21ஆம் தொகுதிக்குள் வருகிறார்கள். அது பட்டியலில் இருக்கிறது. தொழில்நுட்பப் பணியாளர்கள் 31ஆம் தொகுதியில் வருகிறார்கள். அது பட்டியலில் இல்லை. 'தர ஒருங்கிணைப்பாளர்' என்ற பெயர் இரண்டில் எதற்கும் பொருந்தும். எனவே விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலர் பணி விவரத்தைத்தான் படிப்பார். உதிரிபாகங்களை அளந்து ஏற்பதும் தள்ளுவதும், அறிக்கை நிரப்புவதும் மட்டுமே அதில் எழுதப்பட்டிருந்தால் அது தொழில்நுட்பப் பணியாகவே தோன்றும். உற்பத்தி முறையில் பிழை எங்கே பிறக்கிறது என்று ஆராய்வது, சோதனை முறைகளை வடிவமைப்பது, வழங்குநர்களின் செயல்முறைகளை மதிப்பிட்டு மாற்றம் கோருவது ஆகியவை உண்மையிலேயே உங்கள் பொறுப்புகளாக இருந்தால், அவை எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாததை எழுதச் சொல்லவில்லை. இருப்பதை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு இரண்டு வரியில் சுருக்கிவிடுவது வழக்கம் என்பதாலேயே சொல்கிறேன்.

அனாபின் பற்றி: 'எச் பிளஸ்' என்பது கல்வி நிறுவனம் ஏற்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே. பட்டமும் தனியாக மதிப்பிடப்பட்டு, ஜெர்மானியப் பட்டத்துக்கு நிகரானது அல்லது ஒத்தது என்று பதிவாகியிருந்தால்தான் அந்த இரண்டு பக்கங்களின் அச்சுப்படி போதும். உங்களுக்குப் பட்டத்தின் பதிவு தெளிவாகக் கிடைக்காததால், வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகமான இசட்.ஏ.பி.யிடம் ஒப்பீட்டுச் சான்று பெறுவதே பாதுகாப்பானது. கட்டணம் 208 யூரோ. விண்ணப்பத்தை இணையவழியிலேயே தொடங்கலாம். வேலை ஒப்பந்தத்துடன் புளூ கார்டுக்காகக் கேட்பவர்களுக்கு அதை விரைவாகத் தருகிறார்கள். ஆகவே கையெழுத்தான அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள்.

வாய்ப்பு அட்டை உங்களுக்குத் தேவையில்லை. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த அட்டை, வேலை இல்லாமல் சென்று அங்கே தேட விரும்புபவர்களுக்கானது. வேலை தேடும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரப் பகுதி நேர வேலை மட்டுமே செய்யலாம். வாழ்க்கைச் செலவுக்கு மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் என்ற கணக்கில், பெரும்பாலும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கு), பணம் காட்டியாக வேண்டும். புள்ளிக் கணக்கு அந்த அட்டைக்கு மட்டுமே உரியது. புளூ கார்டில் புள்ளி என்ற ஏற்பாடே இல்லை. இரண்டையும் குழப்பிச் சொல்லும் முகவரிடம் உங்கள் ஆவணங்களை ஒப்படைக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளத்தில் இவை அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆள்சேர்ப்பு மேசை எழுதியது:

ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வெளிநாட்டுப் பணியாளர்களின் ஆவணங்களைக் கவனிக்கும் பணியில் இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஊதிய வரம்பைப் பற்றி விண்ணப்பதாரர்களிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தை விளக்க வேண்டியிருக்கிறது. வரம்பைத் தாண்டிவிட்டால் ஊதியம் பற்றிய கேள்வி முடிந்துவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பொது வரம்பான 50,700க்கு மேல் ஊதியம் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் அவர்களுடைய விண்ணப்பத்துக்குக் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை. குறைந்த வரம்பின் கீழ் வரும் உங்களுக்கு அந்த ஒப்புதல் தேவை. முகமை பார்ப்பது வரம்பை மட்டுமன்று. அதே வட்டாரத்தில், அதே வேலையை, அதே அனுபவத்துடன் செய்யும் ஜெர்மானியப் பணியாளருக்குக் கிடைக்கும் ஊதியமும் வேலை நேரமும் விடுப்பும் உங்களுக்கும் கிடைக்கின்றனவா என்று பார்க்கிறது. கிடைக்கவில்லை என்று கருதினால், ஊதியம் 45,934.20க்கு மேல் இருந்தாலும் ஒப்புதல் மறுக்கப்படும்.

இங்கேதான் உங்கள் பதினோர் ஆண்டு அனுபவம் இருபுறமும் கூர் உள்ள கத்தி. புதிதாகப் பட்டம் பெற்ற பொறியாளருக்கு அந்த ஊதியம் பொருத்தமாக இருக்கலாம். பதினோர் ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஏன் அதே தொகை என்ற கேள்வி எழலாம். ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ இந்தத் தொகையுடன் ஓர் அனுபவமுள்ள பொறியாளரின் விண்ணப்பத்தை நான் அனுப்பத் தயங்குவேன். சாக்சனியில் ஊதிய நிலை அவற்றைவிடக் குறைவு என்பதால் நிலைமை அவ்வளவு இறுக்கமானதன்று. ஊகிக்க வேண்டியதில்லை, வேலைவாய்ப்பு முகமையே 'என்ட்கெல்ட்அட்லாஸ்' என்ற பெயரில் ஓர் ஊதிய வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. தொழிலையும் மாநிலத்தையும் தேர்ந்தெடுத்தால் நடுநிலை ஊதியம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை, தெரியும். உங்கள் தொகை அதிலிருந்து வெகு கீழே இருந்தால், கையெழுத்திடும் முன்பே அந்தப் பக்கத்தைக் காட்டி ஊதியத்தைப் பற்றிப் பேசுங்கள். இதை யாரும் பேராசையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டால் நிறுவனத்துக்கும் மாதங்கள் வீணாகும் என்பது மனிதவளப் பிரிவினருக்குத் தெரியும்.

முகமை படிப்பது உங்கள் ஒப்பந்தத்தை மட்டுமன்று. வேலை உறவு பற்றிய அறிவிப்புப் படிவம் ஒன்றை நிறுவனம் நிரப்பித் தரும். பணியின் பெயர், பணி விவரம், தேவையான கல்வித் தகுதி, வார வேலை நேரம், விடுப்பு நாட்கள், ஊதியம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்றும் படிவத்தில் 38 என்றும் இருந்தால், அல்லது தேவையான தகுதி என்ற இடத்தில் பொறியியல் பட்டம் என்பதற்குப் பதிலாகத் தொழிற்பயிற்சி என்று யாரோ அவசரத்தில் குறித்துவிட்டால், அங்கிருந்து விளக்கக் கடிதங்கள் தொடங்கும். குறிப்பாக அந்தத் தகுதி என்ற கட்டத்தைப் பாருங்கள். பட்டதாரி தேவையில்லாத வேலை என்று நிறுவனமே எழுதிக் கொடுத்தபின், பட்டதாரிக்கான புளூ கார்டை எந்த அலுவலரும் தர முடியாது. படிவத்தை அனுப்பும் முன் உங்களுக்கு ஒரு படியைக் காட்டச் சொல்லிக் கேட்பது முறையானதே.

விரைவு நடைமுறை பற்றியும் உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81ஏ பிரிவின்படி, உங்களிடம் அதிகாரப் பத்திரம் பெற்று, உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிறுவனமே நடைமுறையைத் தொடங்கலாம். அதற்கான கட்டணம் 411 யூரோ. அந்த அலுவலகமே முகமையின் ஒப்புதலைக் கேட்டுப் பெறும். இந்நடைமுறையில் முகமை ஒரு வாரத்துக்குள் மறுப்போ கூடுதல் விவரமோ கேட்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். பிறகு முன் ஒப்புதல் கடிதம் உங்களுக்கு வரும். அதைக் காட்டினால் தூதரகம் மூன்று வாரங்களுக்குள் நேரம் ஒதுக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்தபின் பொதுவாக மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் எல்லா ஊர்களிலும் வெளிநாட்டவர் அலுவலகங்கள் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. சில பெருநகரங்களில் விரைவு நடைமுறையைத் தொடங்குவதற்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய இடங்களில் நேரடியாகத் தூதரகத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிப்பதே விரைவாக முடிந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

பட்டயம் எழுதியது:

இந்த உரையாடலின் இடையே ஒரு சிறு கேள்வி, பொறுத்துக்கொள்ளவும். நான் பட்டதாரி அல்லன். மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு முடித்து, இயந்திரப் பராமரிப்பில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குப் புளூ கார்டு இல்லை என்றால், வேறு வழி இருக்கிறதா?

நெக்கர்க்கரை எழுதியது:

இருக்கிறது. பட்டம் இல்லாமல் புளூ கார்டு பெறும் வாய்ப்பு தகவல் தொழில்நுட்பத் துறையினருக்குத் தரப்பட்டிருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு உயர்நிலை அனுபவம் இருந்தால் அவர்கள் குறைந்த வரம்பின் கீழ் வரலாம். நீங்கள் அந்தத் துறையில் இல்லை என்பதால், அனுபவமுள்ள பணியாளர்களுக்கு 2024 மார்ச் 1 முதல் திறக்கப்பட்ட வழியைப் பாருங்கள். உங்கள் படிப்பு உங்கள் நாட்டின் அரசு ஏற்புடைய, குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பாக இருக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டு அந்தத் தொழிலுக்குரிய அனுபவம் இருக்க வேண்டும். ஊதியம் மேலே சொன்ன உச்சவரம்பில் 45 விழுக்காடு, அதாவது 2026இல் 45,630 யூரோ இருக்க வேண்டும். நிறுவனம் தொழிற்சங்கத்துடனான கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டு அதன்படி ஊதியம் தந்தால் இந்த வரம்பில் விலக்கு உண்டு. ஜெர்மானியத் தகுதிக்கு முழுமையாக நிகரானது என்ற ஏற்பை முன்கூட்டியே பெற வேண்டியதில்லை என்பதே இந்த வழியின் பெரிய நன்மை. ஆனால் பராமரிப்பு வேலையில் தொடக்க ஊதியமாக அந்தத் தொகையைத் தரும் நிறுவனத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஜெர்மன் மொழி தெரிந்தால் அந்தத் தேடல் எளிதாகும். பணிமனையில் ஆங்கிலம் அவ்வளவாகச் செல்லாது. விரிவாகக் கேட்க விரும்பினால் தனிப் பதிவு தொடங்குங்கள். இதில் கலந்தால் இரண்டு கேள்விகளும் குழம்பும்.

இயந்திரப்பொறியாளர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மனிதவளப் பிரிவிடம் பேசினேன். ஊதியம் முழுவதும் நிலையானதே என்று எழுத்தில் உறுதி செய்தார்கள். பணி விவரத்தை விரிவாக எழுதித் தருவதாகவும், பதவியின் பெயரை 'தரப் பொறியாளர்' என்று மாற்றுவதில் தடையில்லை என்றும் சொன்னார்கள். ஊதிய வரைபடத்தில் பார்த்தபோது சாக்சனியின் நடுநிலை ஊதியத்தைவிட என் தொகை குறைவாகவே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

எனக்கு இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, ஒருவேளை என் பணியைப் பொறியாளர் பணியாக ஏற்காவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா, அல்லது மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா? இரண்டாவது, என் மனைவி பதிவுபெற்ற செவிலியர். அவர் என்னுடன் வந்து அங்கே உடனே செவிலியராகப் பணியாற்ற முடியுமா? மூன்றாவது, ஒப்பந்தத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலை போனால் குடும்பத்துடன் உடனே வெளியேற வேண்டியிருக்குமா என்ற அச்சமும் இருக்கிறது.

ஆள்சேர்ப்பு மேசை எழுதியது:

முதல் ஐயத்துக்கு என் பதில். புளூ கார்டு மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். குடியிருப்புச் சட்டத்தின் 18பி பிரிவின் கீழ், ஏற்கப்பட்ட பட்டம் உள்ளவருக்கு வழக்கமான வேலை அனுமதி இருக்கிறது. அதற்கு நிலையான ஊதிய வரம்பு கிடையாது. முதன்முறை அனுமதி பெறுபவர் 45 வயதைக் கடந்திருந்தால் மட்டுமே ஒரு வரம்போ ஓய்வூதிய ஏற்பாட்டுக்கான சான்றோ கேட்பார்கள். உங்களுக்கு 38 என்பதால் அது பொருந்தாது. வேலை, தொழிற்பயிற்சியோ பட்டமோ தேவைப்படும் தகுதிசார் வேலையாக இருந்தால் போதும். 2023 நவம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, படித்த பாடமும் செய்யும் வேலையும் நேரடியாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. எனவே உங்கள் பணியைத் தொழில்நுட்பப் பணி என்று வகைப்படுத்தினாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் இங்கும் முகமையின் ஒப்புதலும் ஊதிய ஒப்பீடும் உண்டு. புளூ கார்டு கிடைக்காவிட்டால் இந்தப் பிரிவின் கீழ் பரிசீலிக்குமாறு விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பின்னால்தான் தெரியும். புளூ கார்டு உள்ளவர், அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதங்களிலும், பி1 என்னும் இடைநிலை மொழியறிவு இருந்தால் 21 மாதங்களிலும் நிரந்தரக் குடியிருப்பு கோரலாம். 18பி அனுமதி உள்ளவருக்கு மூன்று ஆண்டுகளும் பி1 நிலையும் தேவை. அவ்வளவு பெரிய இழப்பு என்று நான் கருதவில்லை.

மேல்முறையீடு பற்றி: தூதரகத்திடமே மறுபரிசீலனை கோரும் முறை முன்பு இருந்தது. அது 2025 ஜூலை 1 முதல் உலகெங்கும் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மறுக்கப்பட்டால் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். வழக்கு நீண்டகாலம் எடுக்கும் என்பதால் பெரும்பாலோர் புதிதாக விண்ணப்பிக்கவே செய்கிறார்கள். முன்பு, 'மறுத்தால் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தில் அரைகுறையாக அனுப்பியவர்களுக்கும் வாய்ப்பு இருந்தது. அந்த இடைவெளி இப்போது இல்லை.

மூன்றாவது ஐயம் நியாயமானது. தகுதிகாண் காலத்தில் இரண்டு வார முன்னறிவிப்புடன் இரு தரப்பில் எவரும் விலகலாம். வேலை போனால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நீங்களும் தெரிவிக்க வேண்டும், நிறுவனமும் தெரிவிக்கும். உடனே வெளியேற்றிவிட மாட்டார்கள். வேறு வேலை தேடச் சில மாத அவகாசம் தருவதே வழக்கம். புதிய வேலையும் புளூ கார்டு நிபந்தனைகளுக்குப் பொருந்த வேண்டும். முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் வேலை மாறினால் அலுவலகம் அதைப் பரிசீலித்து, நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் மறுக்கலாம். எனவே முதல் ஆண்டு முழுவதும் உங்கள் ஊதியம் அவ்வாண்டின் வரம்பை ஒட்டி இருக்கிறது என்பதை மறவாதீர்கள். வரம்பு உயர்ந்தபின் வேலை மாறினால், புதிய ஒப்பந்தத்தின் ஊதியமும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

வெண்சீருடை எழுதியது:

செவிலியர் என்ற முறையில் இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். புளூ கார்டு உள்ளவரின் வாழ்க்கைத் துணை, ஜெர்மன் தேர்வுச் சான்று இல்லாமலேயே குடும்ப விசா பெறலாம்; வந்த பிறகு எந்த வேலையையும் செய்யும் உரிமை உண்டு. ஆனால் செவிலியர் பணி சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டது. வேலை செய்யும் உரிமை இருப்பதும், செவிலியராகப் பணியாற்றும் அனுமதி இருப்பதும் வேறு வேறு. சகோதரி தம்முடைய படிப்பு ஏற்கப்படுவதற்கு, பணியாற்ற விரும்பும் மாநிலத்தின் உரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் பாடத்திட்டத்தையும் பயிற்சி நேரத்தையும் ஒப்பிட்டு, சில வேறுபாடுகள் உள்ளன என்று அறிவிப்புத் தருவார்கள். அதன்பின் மருத்துவமனையில் தகவமைப்புப் பயிற்சி பெறலாம், அல்லது அறிவுத் தேர்வு எழுதலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், மொழி பொதுவாக பி1க்கு அடுத்த பி2 நிலையில் இருக்க வேண்டும்.

எனவே 'மொழித் தேர்வு தேவையில்லை' என்ற சலுகையைப் பார்த்து மொழியைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குடும்ப விசாவுக்குத்தான் அது தேவையில்லை. அவருடைய தொழிலுக்கு அதுவே நுழைவாயில். வந்து இறங்கிய பிறகு வீடு தேடுதல், குழந்தையின் பள்ளி, பதிவு அலுவலகம் என்று நாட்கள் ஓடிவிடும். புறப்படும் முன்பே பி1 வரை முடித்து வந்தவர்கள் விரைவில் மருத்துவமனைக்குள் நுழைந்ததையும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் நெடுங்காலம் வீட்டில் இருந்ததையும் என் பணியிடத்தில் பார்த்து வருகிறேன். மதிப்பெண் பட்டியல்களோடு, பாடவாரியான பயிற்சி நேரங்களைக் காட்டும் பல்கலைக்கழகச் சான்று, பதிவுக் குழுமத்தின் நன்னிலைச் சான்று, பணி அனுபவக் கடிதங்கள் ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டு ஒரு கல்லூரி அலுவலகத்திடம் பயிற்சி நேரச் சான்று பெறுவது எவ்வளவு பொறுமையைக் கோரும் வேலை என்பதை வாங்கியவர்களே அறிவார்கள். ஆவணங்களுக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும். உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரையே நாடுங்கள்.

நெக்கர்க்கரை எழுதியது:

நடைமுறை சார்ந்த சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். ஒப்பந்தத்தில் பணி தொடங்கும் நாளாகக் குறிப்பிட்ட ஒரு தேதி மட்டும் இருந்தால், 'அல்லது விசா கிடைத்தபின் இயன்ற முதல் நாள்' என்ற பொருள்படும் வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதி கடந்துவிட்டால் தூதரகம் புதிய உறுதிக் கடிதம் கேட்கக்கூடும். விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படும் வரை இப்போதைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். விசாக் கட்டணம் 75 யூரோ. குடும்பத்தினர் விண்ணப்பங்களையும் உங்களுடையதுடன் சேர்த்தே அளிக்கலாம்.

ஊதியத்தைக் குடும்பச் செலவோடு ஒப்பிடும்போது 46,800 என்பது வரிக்கு முந்தைய தொகை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வரியும் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்புகளும் போக, தனியாளுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். மனைவிக்கு வருமானம் இல்லாத காலத்தில் வரி வகுப்பு மாற்றத்தால் அது சற்று உயரும். கெம்னிட்ஸ் பகுதியில் வாடகை மியூனிக்கைவிட மிகக் குறைவு என்பதால் மூவர் வாழலாம். மியூனிக்கில் இதே தொகையை ஏற்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பொது மருத்துவக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவியும் குழந்தையும் கூடுதல் பங்களிப்பின்றிச் சேர்க்கப்படுவார்கள். பணி தொடங்கும் நாள்வரைக்கும் தனிப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் தேவை. தற்காலிகத் தங்குமிடத்தை ஏற்பாடு செய்யும்போதே அந்தக் கடிதம் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் முகவரிப் பதிவு இல்லாமல் வரி எண்ணும் வராது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் புளூ கார்டு அட்டைக்கான நடைமுறையும் நகராது. நுழைவு விசாவின் காலம் முடியும் முன்பே அந்த அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

இயந்திரப்பொறியாளர் எழுதியது:

நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. ஊதியத்தை 49,200 யூரோவாக உயர்த்தியிருக்கிறார்கள். பொது வரம்புக்கு இது இன்னும் குறைவு என்பதால் முகமையின் ஒப்புதல் வேண்டியிருக்கும் என்றும், ஆனால் ஒப்பீட்டில் சிக்கல் எழாது என்று நம்புவதாகவும் எழுதியிருக்கிறார்கள். விரைவு நடைமுறைக்கான கட்டணத்தையும் அவர்களே ஏற்கிறார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கான அதிகாரப் பத்திரத்தை அனுப்பியிருக்கிறார்கள். அறிவிப்புப் படிவத்தின் படியும் வந்தது. தேவையான தகுதி என்ற கட்டத்தில் பொறியியல் பட்டம் என்றே குறித்திருக்கிறார்கள். இசட்.ஏ.பி. விண்ணப்பத்தை இன்று தொடங்குகிறேன். மனைவி ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டார். நானும் மாலை வகுப்பில் சேர இருக்கிறேன். முகவரிடம் நன்றி கூறி விலகிக்கொண்டேன்.

ஆள்சேர்ப்பு மேசை எழுதியது:

நல்ல செய்தி. புதிய தொகையுடன் ஒப்பந்தம் வரும்போது படிவத்திலும் அதே தொகை இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குக் காட்டிய படி ஊதிய உயர்வுக்கு முன் நிரப்பப்பட்டதாக இருக்கலாம்.